ஆறாத டியூப்

பரிசோதித்த ரத்தத்தை லேபில் உடனே கொட்டிவிட மாட்டார்கள், கண்ணுகளா. மறுபடி பார்க்கச் சொன்னால் வேண்டுமே என்று ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். அன்று பழையதைக் கழிக்கிற நாள். லேப்காரி முதலில் எடுத்தது தன் வீட்டுக்காரருடைய டியூப். அது வெதுவெதுப்பாக இருந்தது, அப்போதுதான் குத்தி எடுத்த மாதிரி.

"அக்கா, இது ஆறவே இல்ல."

"உன் வீட்டுக்காரர் குணம் அப்படி. ஐஸ்ல புதைச்சாலும் ஆறாது," என்று சிரித்தாள் ரத்தம் எடுக்கும் ஊசி அக்கா.

லேப்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்தம் கொடுத்த நாளிலிருந்து அவர் குளிருது குளிருது என்று படுத்தே கிடக்கிறார். ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு போர்வை போர்த்தியும் பல்லு தந்தி அடிக்குதுடி," என்றார்.

டியூபை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டாள். 

"அட, குளிரு விட்டிருச்சு," என்றார் அவர். "ஃபேன் போடணும் போல இருக்கு."

அதற்குள் ஊசி அக்கா மீதி டியூப்களையெல்லாம் கழிவுப் பையில் கவிழ்த்து முடிச்சுப் போட்டிருந்தாள்.

"வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாரு. எரிக்கிற இடத்துக்கு நேரமாச்சாம். கொண்டு போய்க் குடு."

லேப்காரி மூடிய கையைத் திறக்காமல், மறு கையால் பையை இடுப்போடு அணைத்துத் தூக்கினாள்.

தூங்குகிற குழந்தையைத் தூக்கினாற்போல் வெதுவெதுவென்று இருந்தது, பை.