முயலுக்கு வைத்த படையல்

மதிவதனியின் காரியத்தன்று மொட்டைமாடியில் வைத்த படையலுக்குக் காக்கை வரவே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. அவள் அம்மா வாசுகி இலையோடு எடுத்துக்கொண்டு கீழே வந்து, மகள் வளர்த்த முயலின் முன்னால் வைத்தாள். அது சோற்றைக் கிளறி அதிரசத்தைத் தின்றது. "புள்ள சாப்பிட்டுட்டா" என்று யாரோ சொன்னார்கள். பிறகு பந்தி போட்டார்கள்.

மறுநாளிலிருந்து முயல் எதையும் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை. "குடல் ஓட்டம் நின்னுபோச்சு. புழுக்கை விழுந்தாதான் பிழைக்கும்" என்றார் கால்நடை மருத்துவர். வாசுகி அதை மடியில் போட்டுக்கொண்டு, அரைத்த புல்லை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் புகட்டினாள். வயிற்றை நீவிக்கொண்டே இருந்தாள். ஐஸ் பெட்டியில் கிடந்த மகளின் கையைத் தொட்டதிலிருந்து எதைத் தொட்டாலும் அவளுக்கு அதே சில்லிப்பாகவே இருந்தது. பக்கத்தில் இட்லி காய்ந்துகொண்டிருந்தது.

"நீயும் ரெண்டு வாய் சாப்பிடேன்" என்றார் கணவர் கதிரேசன்.

"இது வயிறு சரியாகட்டுங்க."

ஒரு மதியம் அவள் சேலையில் மிளகுபோல ஒன்று விழுந்தது. துடைக்கக் கதிரேசன் பேப்பரைக் கிழித்துக்கொண்டு வந்தார். அதற்குள் அவள் அதை வலது உள்ளங்கையில் எடுத்திருந்தாள்.

"என்னங்க, சூடா இருக்கு."

"போய்க் கையக் கழுவு."

வாசுகி விரல்களை மூடிக்கொண்டாள். இடது கையால் இட்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.