தபால்காரனின் வசனம்

பாரிஸின் லா சப்பலில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில், அந்த ஆங்கிலப் படத்துக்குத் தமிழ்க் குரல் கொடுத்துக்கொண்டிருந்தோம். படமா அது? ஒரு கிராமம், நாலு ஆடு, ஐந்து கொலை. இரத்தம் தக்காளி சோஸ் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

பத்தாவது நிமிடத்தில் தபால்காரன் "போறன்" என்று சொல்லிவிட்டு வெளியேறுவான். வாசலிலேயே கோடரியால் கொத்திக் கொன்றுவிடுவார்கள். அவனுக்குக் குரல் அரியரத்தினம் அண்ணை.

"போறன் எண்டு வாயால சொல்லக்கூடாது தம்பி. திரும்பி வராதவன்தான் அப்பிடிச் சொல்லுவான்."

"இவன் சாகப்போறான் அண்ணை."

"போயிட்டு வாறன்," என்று மைக்கில் சொல்லி முடித்துவிட்டார். இந்தக் குப்பைக்கு இதுவே அதிகம் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் சரிபார்க்க முழுப் படத்தையும் ஓட்டினோம். எழுபதாவது நிமிடத்தில் அவனை அடக்கம் செய்துவிட்டு ஊரார் தேநீர் குடிப்பார்கள். திரையில் கதவு திறந்தது. தபால்காரன் உள்ளே வந்தான். மொழிபெயர்க்க அந்தக் காட்சியை ஏழு தடவை பார்த்தவன் நான். அதில் அவன் இல்லை. மூலப் படத்தைப் போட்டேன். அதிலும் வந்தான்.

எங்களைப் பார்த்து வாயசைத்தான். சத்தம் வரவில்லை.

அண்ணை ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"இவருக்கு இனி என்ன வசனம், தம்பி?"