முன்சீட்டுப் பெல்ட்

பெல்ட் ஒரு சாணுக்கு மேல் வரவில்லை.

அப்பா மறுபடியும் இழுத்தார். மேலே இருந்த வளையத்துக்குள் அது முறுக்கிக்கொண்டு கட்டியாக நின்றது. விட்டால் உள்ளேயும் போகவில்லை.

அம்மா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை. மடியில் கைப்பை, பைக்குள் பாஸ்போர்ட். அப்பா அவளுக்கு மேலாகக் குனிந்து நின்றதால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

நானும் தம்பி கிருஷாந்தும் பின்சீட்டில். நடுவில் அம்மாவின் பெரிய சூட்கேஸ். டிக்கியில் அது அடங்கவில்லை.

மணி ஏழு பத்து. திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் ஒன்பது மணி வரைக்கும் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் தூரப் பயணத்துக்கு வண்டி எடுக்க மாட்டார்கள். சவூதிக்குப் போகிறவளை ராகுகாலத்தில் அனுப்புவதை அப்பா நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்.

கொழும்பில் ஏஜென்சிக்காரர் பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார். வராவிட்டால் அம்மாவின் இடத்துக்கு வேறு ஒரு பெண் போவாள்.

பெல்ட் போடாமலும் கிளம்ப முடியாது. போன மாதம் அதற்காகத்தான் பொலிஸ்காரர் அவிசாவளையில் மறித்து, தடகொல என்கிற அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் லைசனை வாங்கி வைத்துக்கொண்டார். அது திரும்பக் கைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

"சூட்கேஸ முன்னால வச்சிட்டு நீ பின்னால போயேன் கோகிலா."

"பின்னால உக்காந்தா வாந்தி வருங்க. இந்த வளைவுல நான் கொழும்பு போய்ச் சேர மாட்டேன்."

பக்கத்து வீட்டுப் பிரதீபன் மாமா தன் ஆட்டோவிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். வளையத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"அண்ணே, இதுல என்னத்த கட்டுனீங்க?"

"கேஸ் சிலிண்டர். தெரணியகலையில இருந்து வர்றப்போ உருளக் கூடாதுன்னு..."

"பொண்டாட்டிக்குப் போடாத பெல்ட்டு சிலிண்டருக்கா? சரி, தள்ளுங்க பாப்போம்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

இது அவளுக்கு இரண்டாவது பயணம். முதல் தடவை போனபோது கிருஷாந்துக்கு இரண்டு வயது. நான்கு வருடம் கழித்து வந்தாள். அவன் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரு இந்த ஆன்ட்டி?" என்று கேட்டான். அவள் பக்கத்தில் படுக்க அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

இப்போது ஏழு வயது. அவள் கையைத் தலைக்கு வைத்துக்கொள்ளாமல் தூங்க மாட்டான்.

மண்சரிவுக்குப் பிறகு எங்கள் வீட்டின் பின்சுவர் பிளந்துவிட்டது. அம்மா இன்னொரு தடவை போய்வந்தால் வேறு இடத்தில் ஒரு சின்ன வீடு கட்டலாம் என்று அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடிவு செய்தார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. விரிசலுக்குள் கை நுழைகிற வீட்டில் எப்படிச் சொல்வது?

அப்பா கீழே இழுத்தார். மாமா மேலே நெம்பினார். முறுக்கு இன்னும் இறுகியது.

அப்பாவின் போன் அடித்தது. ஏழரைக்கு அவரே வைத்திருந்த அலாரம்.

மாமா கையை எடுத்துவிட்டார். "போச்சுண்ணே."

அவருக்கு ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டியிருந்தது. ஆட்டோ கிளம்பிப் போனது. ஏஜென்சிக்காரரிடம் பேச அப்பா போனை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினார். எங்கள் பக்கம் சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

கிருஷாந்த் சூட்கேஸ்மேல் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

அம்மா ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கை மெதுவாக மேலே போனது. பெல்ட்டை இழுக்கவில்லை; வளையத்துக்குள் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தது. இறுக்கம் விட்டதும் முறுக்கைக் கீழே தடவி இறக்கியது. வலது கை வந்து, வெற்றிலையை மடிப்பது போல் பெல்ட்டைச் சரிவாக மடித்து, மாட்டுகிற இரும்பு நாக்கை அந்த மடிப்பின்மேல் தள்ளியது. அது நழுவி மறுபக்கம் போனது.

பெல்ட் தட்டையாக விரிந்தது.

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரியாத்தில் அந்த வீட்டுக் காரின் பின்சீட்டில், மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நான்கு வருடம் காலையும் மத்தியானமும் அவள்தான் பெல்ட் மாட்டிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் எப்போதும் அதை முறுக்கி விளையாடும் என்று போனில் சொல்லியிருக்கிறாள்.

பெல்ட் அவள் கையிலிருந்து விடுபட்டு, சர்ரென்று உள்ளே ஓடியது. அந்தச் சத்தத்தில் அம்மா திடுக்கிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள்.

மேட்டிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. சந்தோஷமான குரல்.

"சரிங்க சேர்! ஒன்பதுக்கு எடுத்துர்றோம் சேர்! பன்னெண்டுக்குள்ள வந்துர்றோம்!"

அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். சூட்கேஸ்மேல் தூங்குகிற தம்பியின் தலைக்கு அடியில் என் கையை வைத்தேன்.

அவள் பெல்ட்டை மெதுவாக வெளியே இழுத்தாள். அவசரமில்லாமல் மடித்தாள்.

அப்பா இறங்கி வந்து சேர்ந்தபோது அதில் இரண்டு முறுக்கு இருந்தது.