முதலாவது கேள்வி

"பிள்ளை, என்ரை மகனுக்கு ஏலாமல் கிடக்குது. கெதியா ஆக்களை அனுப்பு மோனை!"

அவசர அழைப்பு நிலையத்தில் கோபிகா காதுக் கருவியை இழுத்துச் சரிசெய்தாள். மறுமுனையில் யார் எப்படிப் பதறினாலும், முதலாவது கேள்வியை மாற்றக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குப் பழக்கிய பாடம் அது.

"எங்கையிருந்து அம்மா கதைக்கிறீங்கள்?"

"உடுப்பிட்டி. சந்தியிலை இறங்கினால் பச்சைக் கேற் வீடு. மகாதேவி எண்டால் ஆரும் காட்டுவினம்."

வடமராட்சிப் பக்கம் அந்த நேரம் ஓடாமல் நின்றது ஒரேயொரு அம்புலன்ஸ். அதற்கும் பக்கத்து மேசைச் சிவரூபன் கண் வைத்திருந்தார். அவருடைய இணைப்பில் ஒரு மீன்பிடிகாரர், நண்டு விரலைக் கவ்விவிட்டதென்று கூரை பறக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, என்ரை ஆள் செத்துப்போவன் எண்டு கத்திறார்."

"கத்திறாரெல்லே அண்ணை, அப்ப மூச்சு வடிவாய் இருக்கு. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ." கோபிகா மகாதேவியிடம் திரும்பினாள். "மகனுக்கு என்ன செய்யுது அம்மா?"

"வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. என்னைப் பார்த்து, 'நீங்கள் ஆர்?' எண்டு கேட்கிறான். பெத்த தாயைப் பார்த்துக் கேட்கிற கேள்வியே இது?"

"சீனி வருத்தம் இருக்கோ?"

"இருக்கு. ஊசி போடுறவன். ஊசியைப் போட்டிட்டு, ஒண்டும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடிப்போய், இப்பதான் வந்தவன். குளிருது எண்டும் சொன்னான்."

வெளியே சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் றோட்டுத் தார் உருகிக்கொண்டிருந்தது. இந்த வெயிலில் ஒரு மனிசனுக்குக் குளிருகிறதாம்! கோபிகா யோசிக்கவில்லை, திரையில் சிவப்பை அழுத்தினாள். சிவப்பென்றால் அவருக்குத்தான் முதலிடம். நண்டுக்காரர் பச்சையோடு காத்திருக்கட்டும்.

"நெத்தியிலை கை வைச்சுப் பாருங்கோ அம்மா."

"எட்டாது பிள்ளை."

"ஏன், கதவு பூட்டோ?"

"பூட்டித்தான் கிடக்கு. உள்ளுக்கு அவன் தனிய."

"உங்களுக்கு ஆள் தெரியிறாரோ?"

"முகம் வடிவாய்த் தெரியுது. சின்னனாய்த்தான் தெரியுது."

யன்னல் இடுக்கால் தாய் எட்டிப் பார்ப்பது கோபிகாவின் கண்ணுக்குள் வந்தது. 'கதவு உடைக்க ஆயத்தமாய்ப் போகவும்' என்று அம்புலன்ஸில் போகிற வாகீசனுக்குத் தகவல் தட்டிவிட்டாள்.

"வாகனம் வெளிக்கிட்டிட்டுது அம்மா."

"ஐயோ பிள்ளை, கனதூரமெல்லே!"

"யோசிக்காதேங்கோ. எங்கடை ஆக்கள் பறந்து வருவினம்."

"பறந்துதான் போகவேணும்," என்றாள் மகாதேவி, சிரிக்காமலே.

"அதுவரைக்கும் நான் சொல்லுறதைச் செய்யுங்கோ. மகன் முழிச்சிருக்கிறாரோ? ஏதும் குடுத்தால் விழுங்குவாரோ?"

"முழிச்சுத்தான் இருக்கிறான். பக்கத்திலை தோடம்பழச் சாறு ஒரு போத்தில் தெரியுது."

"சாப்பிடாததாலை இரத்தத்திலை சீனி இறங்கிட்டுது. அதைக் குடிக்கச் சொல்லுங்கோ. கேட்காட்டில் வாயிலை தீத்திவிடுங்கோ."

"நாலு வயசுமட்டும் தீத்தினனான் மோனை. இப்ப எப்பிடித் தீத்த?" என்றவள், அடுத்த கணம் கோபிகாவின் காது கிழியக் குரலெடுத்தாள். "டேய் சிவதர்ஷன்! எடுத்துக் குடியடா அந்தப் போத்திலை! நான் ஆரெண்டு பிறகு சொல்லுறன், முதல் குடி!"

மறுமுனையில் மகாதேவி பிள்ளையாரையும் முருகனையும் மாறி மாறிக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி," என்றார் சிவரூபன், "மனிசி வந்து நண்டைக் கழட்டிவிட்டாவாம். இப்ப அவ அவரைப் பிடிச்சுக் கத்திறா."

கோபிகாவுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"குடிச்சிட்டான் பிள்ளை!" மகாதேவியின் குரல் உடைந்தது. "நிமிர்ந்து இருக்கிறான். 'ஏனம்மா அழுறீங்கள்?' எண்டு கேட்கிறான். என்னை அம்மா எண்டிட்டான்!"

"பாண் ரெண்டு துண்டும் சாப்பிடச் சொல்லுங்கோ அம்மா." கோபிகாவும் மேசைக்குக் கீழே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாகீசன் கூப்பிட்டான்.

"கோபிகாக்கா, உடைக்கிறதுக்கு இஞ்சை கதவில்லை. எல்லாம் திறந்துதான் கிடக்கு. அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊத்துறா."

"மகன் எங்கை?"

"மேசையிலை. செம்போடை சாய்ச்சு வைச்ச ரப்லெட் திரையிலை இருந்து எனக்குக் கை காட்டுறார். அவர் இருக்கிற ரொறன்ரோவிலை இப்ப நடுச்சாமமாம். அம்மாவைக் கேட்டால், 'நான் எங்கையிருந்து கதைக்கிறன் எண்டுதானே அந்தப் பிள்ளை கேட்டது?' எண்டு சொல்லுறா அக்கா."