கீழ வரைக்கும்

"அக்கா, இனி ஒரு வளைவுகூட என்னால ஓட்ட முடியாதுங்க. தலை கிறுகிறுன்னு சுத்துது. கீழ வரைக்கும் இறக்கி விட்டுருவீங்களா?"

சோளக்காடு பஸ் ஸ்டாப்பில், சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் சாய்ந்தபடி தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான் ஓர் இளைஞன். பெயர் சிவபிரகாஷ், ஊர் கோயம்புத்தூர் என்றான்.

கோகிலா பதறினாள். "நான் இப்ப வண்டி ஓட்டறதில்லீங்க."

பல வருஷம் இதே மலைப் பாதையில் மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டியவள்தான். போன தை மாதம் பாதி இறக்கத்தில் பிரேக் போனது. பாறையில் மோதி லாரியை நிறுத்தினாள். லாரியைச் சரிசெய்தாகிவிட்டது; அவள் பயம்தான் சரியாகவில்லை. அதன் பிறகு ஸ்டியரிங் பக்கமே அவள் போகவில்லை. லாரி வாசலிலேயே நின்றது.

"பாவம், வெளியூர்த் தம்பி" என்றான் அருகில் நின்ற கணவன் தனபால். "எனக்கு ஓட்டத் தெரிஞ்சா நானே போயிருவேன். மெதுவா இறக்கி விட்டுட்டு பஸ்ல வா, கோகிலா."

மறுக்க மனம் வரவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

"ஐயோ, தரையிலயே உக்காந்த மாதிரி இருக்குதுங்க! லாரியில இருந்து பார்த்தா கீழ ரெண்டு வளைவு தெரியும். இதுல எதுர்ல என்ன வருதுன்னே தெரியலயே!"

முதல் வளைவில் லாரியைத் திருப்புவதுபோல் வளைத்துத் திருப்பினாள். கார் மலையோரச் சுவரை உரசப் பார்த்தது.

"அவ்வளவு வேண்டாங்கக்கா. கையை லேசா அசைச்சாப் போதும்."

"லாரின்னா சுத்திச் சுத்திக் கையே வலிக்குமுங்க. இது நினைச்சதுமே திரும்புது!"

பிரேக்கை மிதித்தாள். இருவரும் முன்னால் குலுங்கினார்கள்.

"ஆத்தாடி! லோடு லாரி நிதானமாத்தான் நிக்கும். இது தொட்டதும் நின்னுருச்சுங்க!"

தன்னை அறியாமல் சிரித்தாள்.

அந்தப் பாறை வந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கார் தயங்கியது.

"லாரின்னா இந்த இடத்துல எப்படிங்க இறங்குவீங்க?" என்றான் அவன்.

"சின்ன கியர்லயே போகோணுமுங்க. எஞ்சினே வண்டியைப் புடிச்சுக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கோணும். மேல ஏறி வர்ற வண்டிக்கு ஒதுங்கி வழி விடோணும்..."

சொல்லி முடித்தபோது பாறை பின்னால் போயிருந்தது.

அடிவாரத்தில் காரவள்ளி வந்ததும் காரை நிறுத்திவிட்டு தனபாலுக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, நாளைக்குக் கெழங்கு லோடு ஏத்தச் சொல்லுங்க. நானே எடுக்கறேன்!"

கண்களைத் துடைத்துக்கொண்டு சிவபிரகாஷைக் கும்பிட்டாள். "நல்லா இருக்கோணும் சாமி. நீங்க கூப்பிடலைன்னா இந்த ஜென்மத்துல நான் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டேன்."

அவன் பதறி அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"நான்தானுங்கக்கா உங்களைக் கும்பிடோணும். எனக்குத் தலையெல்லாம் சுத்தலீங்க. ரேஸ் கார் ஓட்டறதுதான் என் தொழிலே. நீங்க பயந்துட்டு லாரியவே எடுக்கறதில்லைன்னு தனபால் அண்ணன் சொன்னாரு. ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் இப்படிச் செஞ்சோம்."

கோகிலா திகைத்தாள். "எனக்காக நீங்க எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"அன்னிக்கு நீங்க லாரியைப் பாறைப் பக்கம் திருப்பலைன்னா, எதுர்ல பைக்ல வந்த என் மேலதானுங்கக்கா ஏறியிருக்கும்!"