முதல் பதினோரு பேர்

"முகத்தைக் கொஞ்சம் சிரிச்சாப்ல வைடி! துணி வாங்க வந்தவ மாதிரியா இருக்கே? பல் பிடுங்க வந்தவ மாதிரி உட்கார்ந்திருக்கே!" அத்தை அவள் காதோரம் சீறினாள்.

அவள் உடனே திரைச்சீலையின் ஓரத்தை விரலால் தேய்த்து, "சாயம் போகுமா?" என்று உரக்கக் கேட்டாள்.

"போனா என் பேரை மாத்திக்கிறேன் மேடம்" என்றார் கடைக்காரர். கடைக்காரர் அவளைப் பெற்ற அப்பா.

அப்பாவின் புதுக் கிளைக்கு இன்று முதல் நாள். காலிக் கடையைக் கண்டால் தெருவில் போகிறவன் நடையை எட்டிப் போடுவான். நாலு பேர் துணியைப் புரட்டினால்தான் ஐந்தாவது ஆளுக்குக் கால் உள்ளே இழுக்கும். அதனால் கடை திறக்கும் நாளில் சொந்தக்காரர்களையே வாடிக்கையாளர்களாக உட்கார வைத்துவிடுவார். அந்தப் பக்கம் சித்தப்பா தலையணை உறையை முகர்ந்துகொண்டிருந்தார். மாமா ஒரு போர்வைக்கு நடிப்பதை மறந்து நிஜமாகவே பேரம் பேசி, அப்பாவுக்கு வியர்க்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன யோசனை? சாயந்திரம் எழுதிக் கொடுக்கணும்னியே, அதா?" என்றாள் அத்தை, ஒரு மெத்தை விரிப்பைப் பிரித்தபடி.

"ஆமா அத்தை. எங்க குழு ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதோட கதையை எழுதணும். முதல் பக்கமே நகர மாட்டேங்குது."

"குழுன்னா, கம்ப்யூட்டர்ல முகம் தெரியாத பசங்க எல்லாம் சேர்ந்து அழுவீங்களே, அதானே?"

"அழறவங்களைத் தனியா அழவிடாம இருக்கிற இடம் அத்தை அது."

அம்மா இறந்த வருடம் அவளுக்குப் பதினாறு. கடையில் கல்லையும் பேச வைக்கிற அப்பா, வீட்டுக்குள் நுழைந்ததும் தானே கல்லாகிவிடுவார். இரண்டு பேரும் அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். தன்னைப் போன்ற பிள்ளைகள் பேச ஒரு இடம் வேண்டுமென்று இணையத்தில் அந்தக் குழுவைத் தொடங்கினாள். கடைப் பிரிண்டரில் திருட்டுத்தனமாக நூறு துண்டுச்சீட்டு அடித்துப் பேருந்து நிறுத்தங்களில் ஒட்டினாள். 'உண்மைப் பெயர் சொல்லக் கூடாது' என்பது முதல் விதி. அவள் வைத்துக்கொண்ட பெயர் கிளிஞ்சல். குழுவுக்கு வெளியே ஒருவருக்கும் அந்தப் பெயரை அவள் சொன்னதில்லை.

ஒரு வாரம் ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. எட்டாம் நாள் ஒற்றைச்செருப்பு வந்தான். மறுநாள் அரைடிக்கெட். பிறகு தூங்குமூஞ்சி, ஊமைக்கோட்டான் என்று மாதக் கடைசிக்குள் பதினோரு பேர். அரைடிக்கெட் கடிஜோக் அடிப்பான். தூங்குமூஞ்சி பரீட்சைக்குப் பயந்து சாவாள். ஒற்றைச்செருப்பு மட்டும் எப்போதாவது, 'எங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி காலி' என்று எழுதுவான். அதைப் படித்த அன்றைக்குத்தான் அவள் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். ஒருவர் எழுதி முடித்த பிறகே அடுத்தவர் வாய் திறப்பார்; சண்டை, சச்சரவு கிடையாது. அப்படி ஒரு மரியாதையான கூட்டத்தை அவள் அதன்பிறகு பார்க்கவேயில்லை.

"அந்தப் பதினோரு பேரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டு எழுதேன்" என்றாள் அத்தை.

"எங்க போய்த் தேட? இரண்டாவது வருஷம் ஒரே மாசத்துல முந்நூறு பேர் சேர்ந்தாங்க. அதே மாசம் பதினோரு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போயிட்டாங்க. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"ஏனாம்?"

"புதுசா வந்தவங்களையே கவனிச்சேன். பழையவங்களை விட்டுட்டேன். கோவம் வராதா?" அவள் விரல் திரைச்சீலையின் ஓரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைங்க இருக்காங்க அத்தை. ஆனா தினமும் திறந்தவுடனே அந்தப் பேர் ஏதாவது இருக்கான்னுதான் கண்ணு தேடுது. ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும். மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிடுவேன்."

"நல்லாயிருக்கு! முகமே தெரியாதவங்களுக்காக இப்படி உருகறே. பக்கத்துல இருக்கிற உங்கப்பாகிட்ட நாலு வார்த்தை பேசினா என்ன?"

"அவர் பேசினாத்தானே?"

மேசைக்கு அப்பால் அப்பா, அளந்து வைத்த துணியையே மறுபடி அளந்துகொண்டிருந்தார்.

வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது. குழந்தையோடு ஒரு தம்பதி. பின்னாலேயே நாலு கல்லூரிப் பெண்கள். அப்பா இரண்டு முறை இருமினார்.

அதுதான் சமிக்ஞை. நிஜ ஆள் வந்துவிட்டால் நம் ஆள் எழுந்து இடம் விட வேண்டும். சித்தப்பா தலையணை உறையை வைத்துவிட்டு நழுவினார். மாமா போர்வையைப் பிரிய மனமில்லாமல் பிரிந்தார். அத்தை, "விலை கட்டுப்படியாகல" என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினாள். அவர்கள் விட்ட இருக்கைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

அவளும் எழுந்தாள். முதல் நாளாயிற்றே, நல்லா நடக்கட்டும்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமென்று மேசையருகே வந்தாள்.

"எதுவும் சொல்லாதே" என்றார் அப்பா, உதடு அசையாமல். "சொல்லிட்டுப் போனா நம்ம ஆளுன்னு தெரிஞ்சுடும். வந்தவங்களுக்கு நம்பிக்கை போயிடும்."

"சொல்லாம போக மனசு கேக்கலப்பா."

அப்பா திரைச்சீலையை மடித்தபடி, நிமிராமல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"எனக்கும்தான் கேக்கல, கிளிஞ்சல். பதினோரு தடவையும்."