வாசற்படிக் காவல்

மழை கல்வராயன் மலையை மறைத்துவிட்டு மரவள்ளிக் கொல்லைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. பட்டியின் கூரை பொத்துக்கொண்டதால் ஆடுகளெல்லாம் வீட்டுக்குள் நிற்கின்றன. அடுப்பங்கரை வரைக்கும் ஈர ரோமத்தின் வீச்சம். ஒரு கிடா அம்மிக்கல்லில் முகத்தைத் தேய்க்கிறது. பட்டியைக் காக்கும் நாய் கருப்பன் மட்டும் வெளியே நனைகிறது. வீட்டுக்குள் அது ஒருநாளும் வந்ததில்லை. காலிப் பட்டியைப் பார்க்கிறது, பிறகு கதவைப் பார்க்கிறது, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முனகுகிறது.

“ஆடு உள்ள இருக்கசொல்ல அது வெளிய இன்னாத்த காக்கும்? வரட்டும்யா,” என்கிறாள் குஞ்சம்மாள்.

“வூட்டுச் சூடு கண்ட நாய் அப்பறம் பட்டியில படுக்குமா? நரிய நீயா தொரத்துவ?” என்று கத்துகிறான் அவள் புருஷன் வேடியப்பன். கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி, நாயைப் பட்டிவரை விரட்டுகிறான். அவன் திரும்புவதற்குள் அது அவனைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து வாசற்படியில் நிற்கிறது. பின்கால்கள் உள்ளே, முன்கால்கள் மழையில். அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமுகிறது.

“கோணிய எடுய்யா, ஆளு தெரியாம உறுமுது.”

எடுக்கிறான். முகத்தில் தண்ணீர் வழிகிறது. “கருப்பா, நான்டா,” என்கிறான். வால் ஆடுகிறது, உறுமல் நிற்கவில்லை. உள்ளே ஆடு ஒன்று கத்துகிறது. குஞ்சம்மாள் நாயை இழுக்கவா வேண்டாமா என்று பாதி நீட்டிய கையோடு நிற்கிறாள். தன் வீட்டுக்குள் போக வேடியப்பன் ஒரு காலை எடுத்து வைக்கிறான். வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்.